பெயர் தனியாக, வாக்குமூலம் தனியாக

நேயர்களுக்கு வணக்கம்.

1943 பிப்ரவரி. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் அடியில் சிலர் ரகசியமாகக் குழி தோண்டுகிறார்கள். இரண்டு பால் கேன்கள் நிறையக் காகிதங்களை அடைத்துப் புதைக்கிறார்கள். இமானுவேல் ரிங்கல்ப்லும் என்ற வரலாற்றாசிரியர் தலைமையில் திரட்டிய நாட்குறிப்புகள், கடிதங்கள், சாட்சியங்கள் அவை. திரட்டியவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், ரிங்கல்ப்லுமும் தப்பவில்லை. ஆனால் அந்தக் கேன்கள் 1950இல் கிடைத்தன. அந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் எழுத்திலேயே இன்று படிக்க முடிகிறது.

அடுத்த மாதம், மார்ச் 27. நாஜிகள் பிடித்து வைத்திருந்த ஆம்ஸ்டர்டாமில் டச்சு எதிர்ப்பியக்கத்தினர் சிலர் போலீஸ் உடை அணிந்து, நகரின் மக்கள் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து தீ வைக்கிறார்கள். யார் யூதர், எங்கே வசிக்கிறார் என்ற விவரம் அங்கிருந்த அட்டைகளில் இருந்தது. யார் கையில் இருப்பது போலி அடையாள அட்டை என்று சரிபார்ப்பதும் அவற்றை வைத்துத்தான். இந்தத் தாக்குதலுக்காகப் பன்னிரண்டு பேர் அந்த ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

காகிதத்தைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், காகிதத்தை எரிக்க உயிரைக் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். ஒடுக்கப்படும் சிறுபான்மையினருக்கு நடக்கும் கொடுமைகளைப் பதிவு செய்யப் புறப்படுகிறவர் இந்த இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டும். யார் பாதிக்கப்பட்டார், எங்கே ஒளிந்திருக்கிறார், யார் சாட்சி சொல்லத் தயார் என்று நல்லெண்ணத்தோடு நீங்கள் எழுதி வைக்கும் பட்டியலைத்தான் ஒடுக்குகிறவனும் தேடிக்கொண்டிருக்கிறான்.

இது பழங்கதை அல்ல. வங்கதேச முகாம்களில் ரோஹிங்கியா அகதிகளிடம் திரட்டிய விவரங்கள், யாரிடமிருந்து அவர்கள் தப்பி வந்தார்களோ அந்த மியான்மர் அரசின் கைக்கே போய்ச் சேர்ந்தன என்று 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு குற்றம்சாட்டியது. ஐ.நா. அகதிகள் அமைப்பு, விவரங்களைப் பகிர அகதிகளின் சம்மதம் கேட்டோம் என்றது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பேசிய அகதிகளில் பெரும்பாலோரோ, அப்படி எதையும் தங்களிடம் சொல்லவில்லை என்றார்கள். பதிவு செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

எனவே, பெயர் ஓரிடத்தில் இருக்கட்டும், வாக்குமூலம் வேறிடத்தில் இருக்கட்டும். வாக்குமூலத்தின் மேல் ஒரு குறியீட்டு எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற சாவிப் பட்டியல் வேறொருவர் பொறுப்பில், முடிந்தால் நாட்டுக்கு வெளியே. உங்கள் பையைப் பறித்தாலும் யாரும் மாட்டக்கூடாது.

பெயரை எடுத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. "ஊர்ப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் ஒரே ஆசிரியை நான்; இரட்டைக் குழந்தைகளோடு ஓடினேன்" என்று ஒரு வரி இருந்தால், ஊரில் அவர் யாரென்று தெரியாதவர் உண்டா? வெளியிடும் பிரதியில் தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, உடல் தழும்பு என எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடு பார்த்து நீக்க வேண்டும். மூலப் பிரதியை மட்டும் தொடவே கூடாது. நாளை நீதிமன்றம் கேட்கப்போவது அதைத்தான்.

படங்களிலும் இதே சிக்கல்தான். கைபேசியில் எடுத்த படத்துக்குள் தேதி, நேரம், பல சமயம் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். நீதிமன்றத்துக்கு அது பொக்கிஷம், சோதனைச் சாவடியில் அதுவே ஆபத்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், படத்தின் தரமும் குறையும். சாட்சியாக வைக்க அப்படி வந்த பிரதி போதாது. எடுத்தபடியே உள்ள கோப்பைக் கடவுச்சொல் பூட்டோடு பத்திரப்படுத்துங்கள். எடுத்த உடனேயே அதன் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணித்துத் தரும் அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். பிற்பாடு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். வெளியிடும் பிரதியில் முகத்தை மங்கலாக்குவதை நான் நம்புவதில்லை. முழுக் கறுப்பால் மூடுங்கள். குரல், ஜன்னல் கம்பி, பின்னால் தொங்கும் பள்ளிச் சீருடை, இவையும் ஆளைக் காட்டும். படங்கள் தானாக இணையத்தில் உள்ள மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) போகும் வசதியை அணைத்து வைத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான செயலி எது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அடி விழும்போது கைபேசியைத் திறந்து காட்டாமல் இருக்க எந்தச் செயலியும் உதவாது. கையில் வைத்திருப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இனி, கேள்வி கேட்கும் முறை. "ராணுவம்தானே தீ வைத்தது?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார். அந்த "ஆமாம்" எந்த விசாரணையிலும் நிற்காது. "பிறகு என்ன நடந்தது? வந்தவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள்? நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். தேதி நினைவில்லையா, விடுங்கள். திருவிழாவுக்கு முன்பா பின்பா, நெல் அறுத்தாயிற்றா என்று கேட்டால் பலருக்கு நினைவு வரும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. முறையான பயிற்சியும், அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழியும் இல்லையென்றால் அந்த வாக்குமூலத்தை நீங்கள் எடுக்காதீர்கள். 2014இல் ஐ.எஸ். இயக்கத்திடம் சிக்கி மீண்ட, இராக்கின் யாசிதிச் சிறுபான்மையினப் பெண்கள் பலர், வந்த செய்தியாளர், வந்த அமைப்பு என ஒவ்வொருவரிடமும் அதே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் வாக்குமூலம் எடுப்பது எப்படி என்று சொல்லும் முராத் நெறிமுறை 2022இல் வெளியானது. ஒருவரை அணுகும் முன், வேறு யாராவது ஏற்கெனவே அவரிடம் பேசிவிட்டார்களா என்று விசாரியுங்கள்.

சம்மதத்தையும் ஒரே கையெழுத்தில் முடிக்க முடியாது. பதிவு செய்யலாமா, ஐ.நா. விசாரணைக்குத் தரலாமா, செய்தியில் வரலாமா, பெயர் சொல்லலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நியாயம் கிடைக்கும், வெளிநாட்டில் தஞ்சம் கிடைக்கும் என்றெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள். மனம் மாறினால் உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வேண்டாம், அழித்துவிடுங்கள்" என்று அவர் சொன்னால், பகிரும் முன்பு அழிப்பது உங்கள் கையில் இருக்கிறது. பகிர்ந்த பிறகு எதையெல்லாம் திரும்பப் பெற முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கைதானால் என்ன செய்வது? பேச்சு வந்தாலே பலர் சிரித்து மழுப்பும் விஷயம் இது. எத்தனை மணி நேரம் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் கைதானதாகக் கொள்வது, சாட்சிகளை இடம் மாறச் சொல்வது யார், சாவிப் பட்டியலை நகர்த்துவது யார், வழக்கறிஞரைக் கூப்பிடுவது யார் என்பதையெல்லாம் முதல் வாக்குமூலம் எடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பட்டியலை நகர்த்துகிறவர் அதை எங்கே கொண்டுபோனார் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

நன்றி, வணக்கம்.