மஞ்சள் சாலையில் நிற்காத டாக்சிகள்

அவையோருக்கு வணக்கம்.

இன்று நாம் பார்க்கப்போவது 1978-இல் வெளிவந்த 'தி விஸ்'. படம் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மிகவும் நேசிக்கும் படம் இது. வந்த நாளில் பெரிய தோல்வி என்று முத்திரை குத்தப்பட்ட படமும் இதுதான். இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

மூலக்கதை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய 'தி வொண்டர்ஃபுல் விசர்ட் ஆஃப் ஓஸ்'. கான்சாஸ் சமவெளியில் மாமா, அத்தையோடு வாழும் டாரதி என்ற சிறுமியைச் சூறாவளி ஒன்று வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஓஸ் நாட்டில் போடுகிறது. ஊருக்குத் திரும்ப வழி கேட்டு, மரகத நகரத்தில் இருக்கும் மந்திரவாதியைத் தேடி அவள் மஞ்சள் செங்கல் சாலை வழியே போகிறாள். வழியில் மூளை வேண்டும் என்று சோளக்காட்டுப் பொம்மையும், இதயம் வேண்டும் என்று தகர மனிதனும், தைரியம் வேண்டும் என்று சிங்கமும் சேர்ந்துகொள்கின்றன. 1939-இல் ஹாலிவுட் இதை ஜூடி கார்லண்டை வைத்துப் படமாக எடுத்தது. தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகி, அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்ட படம் அது.

எல்லோருக்கும் மனப்பாடம்தான். ஆனால் அந்தப் படத்தில் கறுப்பினக் குழந்தை தன் முகத்தை எங்கே பார்க்கும்? எங்கேயும் இல்லை. 1975 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்த 'தி விஸ்' என்ற இசை நாடகம் அந்தக் குறையைத்தான் தீர்த்தது. நடிகர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர்கள். பாடல்களை எழுதி இசையமைத்தவர் சார்லி ஸ்மால்ஸ், இயக்கியவர் ஜெஃப்ரி ஹோல்டர். டாரதியாக நடித்த ஸ்டெஃபனி மில்ஸ் அப்போது பதின்ம வயதுப் பெண். முதல் விமர்சனங்கள் காலை வாரிவிட்டன. நாடகத்தை மூடிவிடலாம் என்ற நிலை. தொலைக்காட்சி விளம்பரமும், பார்த்தவர்கள் வாய்வழியாகப் பரப்பிய பேச்சும் அதைத் தூக்கி நிறுத்தின. சிறந்த இசை நாடகம் உட்பட, மேடை நாடகங்களுக்கான டோனி விருதுகள் ஏழு கிடைத்தன. நான்கு ஆண்டுகள் ஓடியது. 

மேடையில் இவ்வளவு பெரிய வெற்றி என்றால் சினிமா சும்மா இருக்குமா? மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனமும் யுனிவர்சல் ஸ்டுடியோவும் கைகோத்தன. இங்கேதான் நம் படம் தொடங்குகிறது, சர்ச்சையும் தொடங்குகிறது.

டாரதி வேடம் எனக்கு வேண்டும் என்று பாடகி டயானா ராஸ் கேட்டு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 33. சிறுமியின் வேடத்துக்கு இவரா என்று, முதலில் இயக்குவதாக இருந்த ஜான் பேடம் விலகிக்கொண்டார். அவர் போய் எடுத்த படம் 'சாட்டர்டே நைட் ஃபீவர்'. பொறுப்பு சிட்னி லூமெட்டிடம் வந்தது. நீதிமன்றம், காவல்நிலையம், வங்கிக் கொள்ளை என்று நியூயார்க்கின் கறாரான முகத்தைப் படமாக்கிப் பேர் வாங்கியவர். ஆடல் பாடல் படம் அவருக்குப் பழக்கமில்லாத துறை. திரைக்கதை எழுதிய ஜோயல் ஷூமேக்கர் டாரதியை 24 வயது பள்ளி ஆசிரியை ஆக்கினார். கான்சாஸ் போய், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் வந்தது.

இந்த வயது மாற்றத்தை அன்றைக்கு விமர்சகர்கள் கிழித்தார்கள். இன்றைக்கும் அதையே சொல்பவர்கள் உண்டு. ராஸுக்காகச் செய்த சமரசம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமரசத்திலிருந்து ஒரு கதை பிறந்துவிட்டது. முதல் காட்சியைக் கவனியுங்கள். நன்றி நவிலல் நாள் விருந்து. வீடு நிறைய உறவுக்காரர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜோடி, கட்டிப்பிடித்துச் சிரிக்கும் பெரியவர்கள், பாத்திரச் சத்தம். டாரதி மட்டும் ஓரமாக நிற்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் அவள். உயர்நிலைப் பள்ளி வேலைக்குப் போ, தனியாக வீடு எடு, உலகத்தைப் பார் என்று அவளுடைய அத்தை 'எம்' வற்புறுத்துகிறாள். டாரதி 125-ஆவது தெருவுக்குத் தெற்கே போனதே கிடையாது. நியூயார்க் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். 125-ஆவது தெரு ஹார்லெமின் கடைத்தெரு. அதற்குத் தெற்கேதான் மன்ஹாட்டனின் பெரும்பகுதி: நூலகம், நாடக அரங்குகள், வானுயரக் கட்டடங்கள் எல்லாம். இவள் பிறந்த ஊரே அதுதான், ஆனாலும் பார்த்ததில்லை.

நாய்க்குட்டி டோட்டோ வெளியே ஓட, பின்னால் ஓடுகிறாள். பனிச்சூறாவளி சுழற்றிக்கொண்டு போய்ப் போடுகிறது. போட்ட இடம் ஓஸ். அந்த ஓஸ்தான் நியூயார்க்!

இந்தப் படத்தைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். பாமின் டாரதி வேறு நாட்டுக்குப் போகிறாள். லூமெட்டின் டாரதி தனக்கு மறுக்கப்பட்டிருந்த தன் ஊருக்குள் போகிறாள். ஒன்பது வயதுக் குழந்தையை வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. குழந்தை வெளியே போகாமல் இருப்பதில் என்ன வியப்பு? 24 வயதுப் பெண் போகாமல் இருந்தால்தான் யார் தடுத்தார்கள், எது தடுத்தது என்ற கேள்வி எழும்.

படம் எடுத்த காலத்தையும் நினைவில் வையுங்கள். 1975-இல் நியூயார்க் மாநகராட்சி திவாலின் விளிம்பு வரை போனது. 1977 ஜூலையில் மின்சாரம் போய் நகரமே இருளில் மூழ்கிக் கடைகள் சூறையாடப்பட்டன. அதே இலையுதிர் காலத்தில் லூமெட் கேமராவை வைக்கிறார். குவீன்ஸில் 1964 உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, பிறகு பாழடைந்து கிடந்த நியூயார்க் மாநிலக் காட்சியரங்கம் மன்ச்கின்களின் நாடு ஆகிறது. மன்ச்கின்கள் என்றால் பாமின் கதையில் டாரதி ஓஸில் முதலில் சந்திக்கும் குள்ள மனிதர்கள். படத்தில் அந்த மன்ச்கின்கள் யார்? சுவரில் கிறுக்கிய குற்றத்துக்காகச் சூனியக்காரி சுவரிலேயே ஓவியமாக ஒட்டிவைத்துவிட்ட பிள்ளைகள். அவள் செத்ததும் ஒவ்வொருவராகச் சுவரிலிருந்து உரிந்து இறங்கி வருகிறார்கள். சுவரில் கிறுக்கும் இளைஞர்களுக்கு எதிராக 1972-இல் சட்டமே போட்ட நகரம் அது. கோனித் தீவின் பழைய பொழுதுபோக்குப் பூங்காவில், 1927-இல் கட்டிய சைக்ளோன் ரோலர் கோஸ்டர் பக்கத்தில் தகர மனிதன் கிடைக்கிறான். ஐந்தாவது அவென்யூ நூலக வாசலில் இருக்கும் கற்சிங்கத்தை உடைத்துக்கொண்டு சிங்கம் வெளியே வருகிறது.

இரண்டு இடங்களை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலாவது, சோளக்காட்டுப் பொம்மை. நடித்தவர் மைக்கேல் ஜாக்சன். நம்மூரில் ஜாக்சன் என்றால் 'திரில்லர்'தான் நினைவுக்கு வரும். இது அதற்கெல்லாம் முன்பு, 19 வயதுப் பையன். ஸ்டான் வின்ஸ்டனின் ஒப்பனைக்குள் முகமே மறைந்துவிட்டது. வைக்கோலுக்குப் பதிலாக உடம்பு முழுக்கக் குப்பைக் காகிதம் திணித்த பொம்மை. நெஞ்சுக்குள் கையை விட்டு ஒரு துண்டுக் காகிதத்தை உருவி, அதில் எந்த அறிஞர் சொன்னது அச்சாகியிருக்கிறதோ அதைப் படித்துக் காட்டுவான். படித்தது அவ்வளவும் தன்னுடைய அறிவு என்று அவனுக்குத் தெரியாது. 

பாமின் புத்தகத்தில் ஒரு கிழக்காக்கை வருகிறது. பொம்மைக்கு ஆறுதல் சொல்லி, உனக்கு மூளை மட்டும் இருந்தால் நீயும் மற்றவர்களைப் போல ஒரு மனிதன்தான் என்று அவன் மனத்தில் ஆசையை விதைப்பது அந்தக் காக்கை. படத்தில் காக்கைகள் அதைத் தலைகீழாகச் செய்கின்றன. கம்பத்தில் தொங்கும் பொம்மை கீழே இறங்க வேண்டும் என்று கேட்கிறான். காக்கைகள் சுற்றி நின்று நக்கலடித்து, அவனையே ஒரு பாட்டுப் பாடவைக்கின்றன. உன்னால் ஜெயிக்க முடியாது, இந்த ஆட்டத்திலிருந்து விலகவும் முடியாது என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம். மேடை நாடகத்தில் இந்த இடத்தில் வேறு பாட்டு இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். காக்கைகளை விரட்டவேண்டியவன், காக்கைகளுக்குப் பயந்து, தன் தோல்வியைத் தானே ராகம் போட்டுப் பாடுகிறான். பாடும்போது கை தட்டல் வேறு. அடக்கி வைப்பது எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய குழந்தைப் படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஜாக்சனின் உடல் அந்தப் பாட்டில் செய்வதைப் பாருங்கள். குரல் துள்ளுகிறது, கால் முட்டி மடிந்து மடிந்து விழுகிறது. 

குவின்சி ஜோன்ஸுக்குப் படத்தின் இசைப் பொறுப்பு. விருப்பத்தோடு ஏற்ற வேலையில்லை என்று சொல்வார்கள். ஆனால் இந்தப் படப்பிடிப்பில்தான் அவரும் ஜாக்சனும் நெருங்கினார்கள். அடுத்த ஆண்டே இருவரும் சேர்ந்து செய்த 'ஆஃப் த வால்' இசைத்தொகுப்பு, அதற்குப் பிறகு 'திரில்லர்'. அந்த வரலாறு தனிப் பேச்சு.

இரண்டாவது, மரகத நகரம். படமெடுத்த இடம் வேர்ல்ட் டிரேட் சென்டரின் முற்றம். 2001-இல் இடிந்த அந்த இரட்டைக் கோபுரங்களின் காலடியில், நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள். பாமின் புத்தகத்தில் மரகத நகரத்துக்குள் நுழையும் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். நகரம் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கண்ணாடி. 1939 படம் இதை விட்டுவிட்டது. 'தி விஸ்' கண்ணாடியை விட்டாலும் கருத்தைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் பச்சை உடுத்திப் பச்சைதான் உயர்ந்தது என்று மிதப்பாக ஆடுகிறார்கள். மேலிருந்து மந்திரவாதியின் குரல் வருகிறது: பச்சை முடிந்தது, இனி சிவப்பு. உடனே விளக்கும் உடையும் சிவப்பு. பச்சையா, செத்தாலும் உடுத்தமாட்டோம் என்று அதே கூட்டம் பாடுகிறது. கொஞ்ச நேரத்தில் குரல் மறுபடி வருகிறது. இனி பொன்னிறம். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் மாறிவிடுகிறார்கள். மேலே உட்கார்ந்து ஆணையிடும் அந்த மந்திரவாதி அட்லாண்டிக் சிட்டியில் தேர்தலில் தோற்றுப்போன அரசியல்வாதி என்பது பிறகு தெரியும். ரிச்சர்ட் பிரையர் அந்த வேடத்தில் பயந்துபோன மனிதனாக வருகிறார். சிரிக்கவைக்கப் பிறந்த கலைஞன் அவர். இங்கே அவர் கண்ணில் தெரியும் கலக்கம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது.

தையல் பட்டறை முதலாளியாக வரும் எவிலீன் என்ற இன்னொரு சூனியக்காரியைச் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க் ஆயத்த ஆடைத் தொழிலின் நகரம். தொழிலாளிகளை உறிஞ்சும் பட்டறைகளுக்குப் பேர்போன இடம். மேடையில் நடித்த மேபல் கிங்கே படத்திலும். தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான்களை டாரதி இயக்கிவிட, தண்ணீர் பட்டு அவள் கரைந்து போகிறாள். பிறகு அந்தத் தொழிலாளிகள் தடித்த, அழுக்கேறிய தோலைப் பிரித்துப் போட்டுவிட்டு, உள்ளிருந்து மனித உடலோடு வெளியே வந்து ஆடுகிறார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் லூதர் வேண்ட்ராஸ், அப்போது பெயர் தெரியாத இளைஞர்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் குறைகளை மறைத்தால் அது நேர்மையாகாது. லூமெட்டுக்கு நடனத்தைப் படமாக்கத் தெரியவில்லை. கேமராவை எட்டத்தில் வைத்துவிடுகிறார். காலும் கையும் செய்வது தெரியாமல் கூட்டம் மட்டும் தெரிகிறது. டயானா ராஸ் அழுதுகொண்டே இருக்கிறார், பாதிப் படத்துக்கு மேல் அதே கலங்கிய முகம். முடிவில் நல்ல சூனியக்காரியாக வரும் லீனா ஹார்ன் நட்சத்திரக் குழந்தைகள் சூழப் பாடும் இடத்தில், அந்நாளைய அமெரிக்காவில் பரவியிருந்த தன்னம்பிக்கை வகுப்புகளின் வாடை தூக்கலாக அடிக்கிறது. பட்டறைத் தொழிலாளியின் துயரத்துக்கும் 'உன்னை நீ நம்பு' என்பதுதான் மருந்தா என்று கேட்டால் படத்திடம் பதில் இல்லை. ஆனால் ஹார்ன் பாடும்போது அந்தக் கேள்வியை ஒத்திப்போடச் சம்மதிக்கிறேன். ஹாலிவுட் தன்னை எப்படி நடத்தியது என்பதை வாழ்நாள் முழுக்க நெஞ்சில் சுமந்த பாடகி அவர். தென்மாநிலத் திரையரங்குகளில் வெட்டி எறிய வசதியாக அவருடைய பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் படமாக்கிய காலம் உண்டு. அந்தக் குரல் இங்கே கதையின் உச்சியில் நிற்கிறது, வெட்டவே முடியாத இடத்தில்.

படத்துக்கு ஆன செலவு சுமார் 2.4 கோடி டாலர். அமெரிக்காவில் வசூல் சுமார் 1.36 கோடி. நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த இழப்பைக் காட்டி, கறுப்பின நடிகர்களை வைத்துப் பெரும் செலவில் படம் எடுத்தால் போணியாகாது என்று ஸ்டுடியோக்கள் பேசின. ஒரு படம் விழுந்ததற்கு ஓர் இனத்தின் கலைஞர்கள் அனைவரும் விலை கொடுத்தார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. வெள்ளையர் படங்கள் அதைவிடப் பெரிதாக விழுந்தபோது யாரும் அப்படிக் கணக்குப் போடவில்லையே.

மக்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியிலும் வீடியோ கேசட்டிலும் இந்தப் படம் கறுப்பினக் குடும்பங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெற்றோர் பிள்ளைகளுக்குக் காட்டி, அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். 2015 டிசம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி இந்த இசை நாடகத்தை நேரடி ஒளிபரப்பாக நடத்தியபோது, 1975-இல் டாரதியாக நின்ற ஸ்டெஃபனி மில்ஸ் அத்தை 'எம்' வேடத்தில் வந்து பாடினார்.

படம் இரண்டேகால் மணி நேரம் ஓடும். தொடக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். டாரதியும் பொம்மையும் மஞ்சள் சாலையில் முதல் தடவையாக ஆடிக்கொண்டு வரும் பாட்டு வந்ததும், அவர்கள் காலை மட்டும் பார்க்காமல் சாலையோரத்தையும் பாருங்கள். மஞ்சள் டாக்சிகள் நிற்கும். இவர்கள் கைகாட்டிக்கொண்டு ஓடுவார்கள். கிட்டே போனதும் 'பணி முடிந்தது' என்ற விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். அடுத்த டாக்சியும் அப்படியே. கறுப்பினத்தவரைப் பார்த்தால் நிறுத்தாமல் போகும் டாக்சி என்பது அந்த ஊரில் கறுப்பினத்தவர் அன்றாடம் பட்ட அவமானம். படம் அதை விளக்கிச் சொல்லாது. பாட்டும் நிற்காது. அவர்களும் நடந்தே மரகத நகரத்துக்குப் போய்ச் சேர்வார்கள்.

விளக்கை அணைக்கலாம். படத்தைப் போடுங்கள்.