டீப்பாயில் டீ இல்லை

நண்பர்களே, வணக்கம். உங்கள் வீட்டு சோபாவுக்கு முன்னால் கிடக்கிற டீப்பாயைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் இருக்கும் 'டீ'க்கும் நாம் குடிக்கிற டீக்கும் பிறப்பில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது வடக்கே சொல்கிற 'திபாய்'. நாலு கால் கட்டிலைச் 'சார்பாய்' என்கிறார்களே, அதே 'பாய்'தான் இங்கேயும். பாரசீக வேர், கால் என்று பொருள். திபாய் என்றால் மூன்று கால். நம் மொழியில் முக்காலி, அவ்வளவுதான்.

இந்தச் சொல் கப்பலேறி இங்கிலாந்து போனது. அங்கே தேநீர்ப் பைத்தியம் பிடித்திருந்த காலம், அவர்கள் காதில் 'டீ' என்றே விழுந்தது. விழுந்த பெயருக்கு ஏற்ப ஒரு சாமானையே செய்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே டீப்பாய் என்றால் ஒற்றைத் தண்டின் மேல் நிற்கும் ஒரு மரப்பெட்டி. உள்ளே தேயிலை வகைகளுக்குத் தனித்தனி அறை, கலப்பதற்குக் கண்ணாடிக் கிண்ணம், மேலே பூட்டு. பூட்டு எதற்கு என்று கேட்பீர்கள். 1784இல் குறைக்கும்வரை அந்த நாட்டில் தேயிலை வரி 119 சதவீதம், குறைத்த பிறகுதான் 12.5. விலை இறங்கியும் பூட்டுகிற பழக்கம் போகவில்லை.

அதற்கும் முன்னால் போவோம். 1662இல் தேநீர்ப் பழக்கமுள்ள போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரின் இங்கிலாந்தின் அரசியானார், பிரபுக்கள் வீடுகளிலும் அது பரவியது. கோப்பை சீனாவிலிருந்து வந்தது, மேசை? லண்டனுக்கு அருகே தேம்ஸ் கரையில் ஹாம் ஹவுஸ் என்ற மாளிகை இருக்கிறது. அங்கே ஜாவாவிலிருந்து வந்த அரக்கு மெருகு மேசை ஒன்று. தரையில் உட்கார்பவர்களுக்கான உயரம். இவர்களோ நாற்காலிக்காரர்கள், அதனால் முறுக்கிய கால்களுடன் இன்னொரு தாங்கியைச் செய்து அடியில் வைத்து உயர்த்திவிட்டார்கள். இரண்டு நாட்டு உட்காரும் பழக்கம் ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது!

அப்புறம் 18ஆம் நூற்றாண்டு மேசைகள். தேநீரை வீட்டம்மாவே விருந்தினர் முன்னால் கலந்து ஊற்றுவது மரியாதை, ஆகவே மேசை வேண்டும்போது நடுவில் வரவேண்டும், முடிந்ததும் ஒதுங்க வேண்டும். வட்டப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். சில மேசைகளில் பலகைக்கு அடியில் பறவைக்கூண்டு என்றே பெயர் வைத்த ஒரு சின்ன அமைப்பு, அதனால் பலகை சுழலவும் செய்யும். கால்கள் மூன்றுதான், ஏனென்றால் மேடுபள்ளத் தரையிலும் மூன்று கால் ஆடாது. இதை நம் முக்காலி செய்தவர்களும் அறிந்திருந்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது விளிம்பு. மெல்லிய பீங்கான் கோப்பை நழுவி விழக்கூடாது என்பதற்காக, அகலமான ஒரே மஹோகனிப் பலகையின் நடுப்பகுதி முழுவதையும் செதுக்கி இறக்கி, ஓரத்தை மட்டும் வளைவு வளைவாக மேலே விட்டார்கள். ஒரு கோப்பைக்காக அவ்வளவு மரமும் உழைப்பும்!

இன்றைய டீப்பாய்க்கு நாலு கால், சோபா உயரம், மேலே வழவழப்பான கண்ணாடி, விளிம்பு என்று எதுவுமில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் டம்ளர் சரிந்து விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சரி, உங்களில் யாராவது புதிதாக டீப்பாய் செய்யக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், தச்சரிடம் ஓரத்தைக் கால் அங்குலம் உயர்த்திவிடச் சொல்லுங்கள்.