மழையில் மலை ஏற எந்தப் பனியன்?

வணக்கம் நேயர்களே. மழைக்காலத்தில் மலையேறக் கிளம்புகிறவர்களிடம் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் ரெயின்கோட், ஷூ, பைக்கு மழையுறை என்று வரிசையாகச் சொல்வார்கள். உள்ளே என்ன பனியன் போடுவீர்கள் என்றால் மட்டும் யோசிப்பார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பனியனைப் பற்றித்தான்.

உத்தராகண்டில் பூக்களின் பள்ளத்தாக்கு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை, ஆகஸ்டில், அதாவது நல்ல மழைக்குள். புல்னாவிலிருந்து நடந்து, சுமார் 3,050 மீட்டர் உயரத்திலுள்ள காங்கரியாவில் தங்கி, ஒரு நாள் பள்ளத்தாக்குக்கும் மறுநாள் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிற, சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப்புக்கும் போவார்கள். நாங்கள் ஆறு பேர் அப்படித்தான் போனோம். ஹேம்குண்டுக்குத் தூரம் ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். எங்களில் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய ரெயின்கோட் போட்டிருந்தார், மழை ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. ஆனால் உள்ளே வீட்டில் போடுகிற காட்டன் பனியன், அதற்கு மேல் காட்டன் டி-ஷர்ட். ஏறி முடித்து நின்ற பத்தாவது நிமிடம் அவருக்குப் பல் கிட்டிக்கொண்டது, ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை, பேச்சு குழறியது. ரெயின்கோட்டைக் கழற்றிப் பார்த்தால் பனியனைப் பிழியலாம் போல இருந்தது, அத்தனையும் அவருடைய வியர்வை! எல்லாவற்றையும் உருவிவிட்டு, காய்ந்த கம்பளி பனியன் ஒன்றை மாட்டி, குருத்வாராவில் கொடுத்த சூடான தேநீரைக் குடிக்க வைத்த பிறகுதான் ஆள் தேறினார். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா, உயிருக்கே ஆபத்து. அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் அவர் நின்றிருந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதனால் நனையாமல் இருப்பது எப்படி என்று யோசிப்பதில் பயனில்லை. மழை விட்டாலும் வியர்வை விடாது. நனைந்த துணி உங்கள் தோலின் மேல் இருந்துகொண்டு என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

பருத்தி தண்ணீரை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், சீக்கிரம் விடாது. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சுகம், திருப்பூர் பனியன் உடம்பைக் குளுகுளுவென்று வைத்திருப்பது அதனால்தான். மேலே குளிர்காற்றில் அதே குணம் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பாலியஸ்டர் இழையோ தண்ணீரை உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லலாம், தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஈரம் நூல்களுக்கு நடுவே பரவி வெளிப்பக்கம் வந்து, நடக்கிற சூட்டிலேயே காய்ந்துவிடும். கிரிக்கெட், பேட்மிண்டன் விளையாடுகிறவர்கள் போடும் டிரை-ஃபிட் ஜெர்சி இதுதான், அதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். ஒரே குறை, இரண்டாம் நாளே நாற்றம்.

மெரினோ என்கிற ஆட்டின் கம்பளி வேறு மாதிரி. எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நனைந்தாலும் கொஞ்சம் சூடு கொடுக்கும், நான்கு நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது. இழை மெல்லியது என்பதால் பழைய ஸ்வெட்டர் மாதிரி அரிக்காது. ஆனால் விலை அதிகம், காய நேரமாகும், பையின் பட்டை உரசும் தோளில் சீக்கிரம் ஓட்டை விழும். என்னைக் கேட்டால், நடக்க பாலியஸ்டர், தூங்கக் கம்பளி. கம்பளி வாங்க முடியாதவர்கள் இரண்டு ஜெர்சியோடு தாராளமாகப் போகலாம். பருத்தி மட்டும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். தொளதொளவென்றிருந்தால் வியர்வையை அது எப்படி எடுக்கும்? மெல்லியதாகவும் இருக்கட்டும், 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும், குளிருமே என்று தடியாகப் போட்டால் ஏறும்போது இன்னும் வியர்க்கும். கடையில் தெர்மல் என்று கேட்டால் பாதிக்குமேல் பருத்தி கலந்ததையும் எடுத்துக் கொடுப்பார்கள், கழுத்துக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். அப்புறம், ஜட்டி, பிரா, சாக்ஸ் இதையெல்லாம் நாம் கவனிக்க மறந்துவிடுகிறோம். ஈரக் காட்டன் ஜட்டியோடு பத்து கிலோமீட்டர் நடந்து தொடை புண்ணானவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை.

கர்நாடகத்தின் குதிரேமுக் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் இவ்வளவு கவலை வேண்டாம், முழுக்கை ஜெர்சி ஒன்று போதும், அட்டைக்கு மட்டும் நீள சாக்ஸ் போட்டு பேண்டை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் செய்ய மனம் வராத வேலை. ஒரு ஜோடி காய்ந்த உள்ளாடையை நல்ல பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பையின் அடியில் வைத்துவிடுங்கள், அது இரவுக்கு மட்டும், இல்லையென்றால் யாராவது நடுங்கும்போது கொடுப்பதற்கு. காலையில் எழுந்ததும் நேற்றைய ஈர ஜெர்சி சில்லென்று கிடக்கும், காய்ந்ததைப் போட்டுக்கொண்டே கிளம்பலாமே என்று கை போகும். வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்தை மாட்டுங்கள், கால் மணி நேரம் ஏறினால் அது உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், காய்ந்தது ராத்திரிக்குக் காய்ந்ததாகவே இருக்கும். நன்றி, வணக்கம்.