ஒரு வேஷம், மூன்று குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் பிள்ளைகளை மேடையில் பார்க்காத வீடு இருக்காது. பள்ளிக்கூட ஆண்டுவிழா, சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம், ஆடி மாதத்து அம்மன் கோயில் மேடை, ஏதோ ஒன்று. அதே பிள்ளைகளை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஓர் இசை நாடகம் போடுகிறோம். முக்கிய வேஷத்தை ஒரு பிள்ளையின் தலையிலேயே கட்டாமல், மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, ஆட்டத்துக்கு ஒருவராக மேடை ஏற்றுகிறோம். இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றி.

பேச்சுக்கு ஒரு நாடகத்தை வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் ஒரு பொடிப்பையன். அப்பா போன விசைப்படகு இன்னும் கரைக்கு வரவில்லை. இடுப்பில் மீன் கூடையோடு துறைமுகத்தில் நிற்கிறான். அவனுக்கு ஆறு பாட்டு. அந்த வேஷத்துக்கு ராயபுரத்துப் பையன் ஒருவன், கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன், வியாசர்பாடிப் பெண் ஒருத்தி. பையன் வேஷத்துக்குப் பெண்ணா என்று கேட்காதீர்கள். 1935-ல் வந்த படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள்.

மூன்று பேர் எதற்கு? வெளிநாட்டில் இது பழகிப்போன ஏற்பாடு. லண்டனில் 2005-ல் 'பில்லி எலியட்' இசை நாடகம் தொடங்கியபோதே அந்தச் சிறுவன் வேஷத்துக்கு மூன்று பேர். அமெரிக்காவில் போட்டபோதும் மூன்று பேர். 2009-ல் அங்கே நாடகத்துக்குக் கொடுக்கிற டோனி விருதை அந்த மூவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். 'மட்டில்டா' நாடகத்தில் ஒரே சிறுமி வேஷத்துக்கு நான்கு பேர். 2012-ல் லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியே விருதும் நான்கு பேருக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளை வாரத்துக்கு எட்டு ஆட்டம் ஆடவிடக் கூடாது என்பது அங்கே கணக்கு. நம் நாட்டிலும் 2017-ல் வந்த விதி இருக்கிறது. படப்பிடிப்பிலோ வணிக நிகழ்ச்சியிலோ பிள்ளைகள் நடித்தால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பள்ளிக்கூட நாடகத்தில் இதை யாரும் வந்து அளக்கப்போவதில்லை. ஆனால் தொண்டைக்கு அது பள்ளிக்கூடமா படப்பிடிப்பா என்று தெரியாது.

தொண்டை என்று வந்துவிட்டால் பாய்ஸ் கம்பெனி கதையைச் சொல்லாமல் போக முடியாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பிள்ளைகளை மட்டுமே வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் பாடம் கேட்க மாட்டார்கள், ஒத்திகைக்கு வர மாட்டார்கள். பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள். பின்னாளில் சொந்தமாக நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில்தான் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகம் அப்போது சின்னப் பிள்ளை. அவர் அபிமன்யுவாக நடிப்பதற்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். யோசித்துப் பாருங்கள், ஒரே இரவு. பாட்டு, வசனம் எல்லாம் விடிவதற்குள். ஒரு பிள்ளையின் குரல் எந்த இடத்தில் நின்று பேசும், எந்த இடத்தில் ஏறினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று காதில் வாங்கி வைத்திருந்தவருக்குத்தான் அது முடியும்.

அந்த முறையின் பெருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஒரு பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த வேஷம் இன்னொரு பிள்ளைக்குச் சேராது. அந்தப் பிள்ளைக்கே இரண்டு வருஷத்தில் சேராமல் போகும். காரணம் மகரக்கட்டு. இந்தச் சொல் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது, பாய்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு அது எமன் பெயர் மாதிரி. பையனுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு வயதில் குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும். நேற்றுவரை ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று கதாநாயகன், நாயகி வேஷம் கட்டி மேடையை ஆண்ட பையன், மகரக்கட்டு வந்ததும் சேவகனாக ஈட்டி பிடித்து நிற்பான். வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை தியேட்டரில் நாடகம் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மைக் வராத காலத்துக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் ஐந்து கட்டைக்குக் குறையாமல் பாட வேண்டும். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு அளவு, எண் ஏற ஏறச் சுருதி ஏறும். உடைகிற குரலுக்கு அது நடக்காது.

மகரக்கட்டு ஒரே நாளில் வருவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். காலையில் சரியாகப் பேசுகிற மேல் ஸ்வரம் சாயங்காலம் காற்றாகப் போகும். முதலில் போவது உச்சிதான், அடியில் ஒன்றும் தெரியாது. அப்புறம் பேச்சுக்குரல் இறங்கும், வீட்டில் போன் எடுத்தால் "அப்பாவா பேசுறது?" என்பார்கள். இந்த இடத்தில் நாம் செய்கிற தப்பு, "இன்னும் கொஞ்சம் கத்திப் பாடுடா" என்பது. கத்தினால் இருக்கிற குரலும் கட்டும். அரைக் கட்டை, அரைக் கட்டையாகச் சுருதியை இறக்க வேண்டும். உச்சி வரியைக் கோரஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் போதவில்லையா, அந்தப் பையனுக்கு இரண்டு ஆட்டம் ஓய்வு. மூன்று பேர் இருந்தால்தான் இந்த ஓய்வை அவமானம் இல்லாமல் கொடுக்க முடியும். இதை மறுபடியும் சொல்கிறேன், அவமானம் இல்லாமல். ஒரே பிள்ளை என்றால் நோட்டீஸ் அடித்தாயிற்று, மாமா சித்தப்பா எல்லோருக்கும் சொல்லியாயிற்று, பையன் எப்படியாவது பாடித்தான் ஆக வேண்டும்.

சரி, மூன்று குரல். வியாசர்பாடிப் பெண்ணுக்கு ஆறு கட்டை. ராயபுரத்துப் பையனுக்கு ஐந்தரை. கொருக்குப்பேட்டைப் பையனுக்குப் பன்னிரண்டரை வயது, ஐந்துதான் பாந்தமாக இருக்கிறது. இங்கேதான் சிக்கலே. கீபோர்டில் பட்டனை அழுத்தினால் அரைக் கட்டை மாறும், அதனால் சுலபம் என்று நினைப்போம். மிருதங்கம் மாறாது. அதன் வலது பக்கமான வலந்தலை, பாடுகிறவரின் ஆதார ஷட்ஜத்தோடு, அதாவது அவருடைய 'ஸ'வோடு சேர வேண்டும். கல்லால் தட்டி அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம், ஐந்துக்கும் ஆறுக்கும் ஒரே மிருதங்கத்தை இழுத்தால் நாதம் செத்துவிடும். இரண்டு மிருதங்கம் வேண்டும். புல்லாங்குழல்காரர் கட்டைக்கு ஒரு குழல் எடுத்து வர வேண்டும். வயலின்காரர் தந்தியை ஏற்றி இறக்கினால் புதுத் தந்தி அரை மணி நேரத்துக்குள் தளர்ந்து பிசகும், ஆகவே சுருதி சேர்ப்பதை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். பதிவுசெய்த இசைக்குப் பாடுவதாக இருந்தால் மூன்று சுருதிக்கும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு கட்டை தூக்கினால் தபலா தகரடப்பா மாதிரி ஆகிவிடும்.

கீபோர்டில் இன்னொன்று. இரண்டாவது பாட்டுக்கு இரண்டு அழுத்து அழுத்தியவர், மூன்றாவது பாட்டுக்கு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் மறுபடியும் இரண்டு அழுத்துவார். பிள்ளை ஏழு கட்டைக்குப் போய்த் தொங்கும். அன்றைக்கு யார் ஆடுகிறார்களோ அந்தப் பிள்ளையின் கட்டையைச் சாக்பீஸால் பெரிதாக எழுதி வாத்தியக்காரர்கள் கண்ணுக்கு எதிரே வைத்துவிடுங்கள்.

கோரஸை மறந்துவிடக் கூடாது. ஐந்தரையில் சௌகரியமாகப் பாடுகிற இருபது பிள்ளைகள், ஆறு வந்ததும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவார்கள். அதனால் தனிப்பாட்டுகளை மட்டும் அந்தந்தப் பிள்ளையின் கட்டைக்கு மாற்றி, கோரஸோடு வருகிற பாட்டுகளை மூன்று நாளும் ஐந்தரையிலேயே நிறுத்துவது நல்லது. சுருதி மாறுகிற இரண்டு பாட்டுக்கு நடுவில் நாலு வரி வசனம் இருக்க வேண்டும். காதில் பழைய சுருதி அடங்க அவ்வளவு நேரமாவது வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகவே வேண்டும். கானா கேட்டு வளர்ந்த பிள்ளை எந்தச் சுருதியிலும் துணிந்து எடுக்கும். அந்தத் துணிச்சல் பெரிய சொத்து. ஆனால் அது எடுக்கிற சுருதி அதனுடையதாக இருக்கும், ஆர்மோனியத்தினுடையதாக இருக்காது. முதல் ஸ்வரத்தை வசனத்துக்கு அடியிலேயே மெதுவாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இப்போது அந்த மீன் கூடைக்கு வருவோம். படகு வரவில்லை என்று தெரிகிற இடம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஆர்மோனியத்தில் சுருதி மட்டும் நிற்கிறது. ராயபுரத்துப் பையன் சும்மா நிற்க மாட்டான், கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுவான். கொருக்குப்பேட்டைப் பையன் அசையவே மாட்டான், பன்னிரண்டு எண்ணுகிறவரை நிற்பான். வியாசர்பாடிப் பெண் கூடைக்குள் எட்டிப் பார்ப்பாள். காலியான கூடையில் என்ன பார்க்கிறாள் என்று நமக்குத் தொண்டை அடைக்கும். மூன்றும் சரி. இந்த இடத்தைப் பார்க்கத்தான் மூன்று நாளும் வாருங்கள் என்கிறேன்.

வாத்தியக்காரர் என்ன செய்வார்? எட்டு எண்ணிவிட்டு அடுத்த பாட்டை எடுக்கச் சொல்லியிருந்தால், ஒருவனுக்கு நேரம் மீந்துபோகும், இன்னொருவனுடைய மௌனத்தை வெட்டிவிடும். அதனால் அடையாளம் எண்ணிக்கையாக இருக்கக் கூடாது, செய்கையாக இருக்க வேண்டும். கூடையின் அடி பலகையைத் தொட்டதும் பாட்டு. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பிரம்புக்கூடை வைத்தால் 'டொக்' என்று சத்தம் வரும், மிருதங்கக்காரர் தலை நிமிர வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக் கூடைக்குச் சத்தம் வராது.

வசனத்துக்கும் இதே விதிதான். நடுவில் உள்ள வார்த்தையைப் பிள்ளை முன்பின்னாகச் சொல்லலாம், கடைசி வார்த்தை மாறக் கூடாது. அம்மாவாக நடிப்பவர் அந்த வார்த்தையைப் பிடித்துத்தான் பேசப்போகிறார். நிற்கிற இடத்துக்குக் கலர் டேப் ஒட்டும்போது மூன்று பேருக்கும் ஒரே டேப். தனித்தனி நிறத்தில் ஒட்டினால் விளக்குக்காரர் குழம்புவார், பிள்ளை அதைவிடக் குழம்பும். ஆனால் விளக்கை, இருப்பதிலேயே குள்ளமான பிள்ளையை நிற்கவைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். முடிவில் அப்பா வந்து பையனைத் தூக்கித் தோளில் வைக்கிற காட்சியும் இருக்கிறது அல்லவா, ஒரு பிள்ளை இருபத்தெட்டு கிலோ, ஒரு பிள்ளை முப்பத்தெட்டு கிலோ. இருபத்தெட்டுக்குப் பழகிய கை முப்பத்தெட்டைத் தூக்கும்போது பாட்டில் ஒரு தட்டு பிந்தும். ஆட்டத்துக்கு முன்னால் அன்றைய பிள்ளையை மூன்று தடவை தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஒத்திகையில் ஒரு விஷயம். நடை, இடம், நுழைவு இதெல்லாம் மூன்று பேரையும் ஒன்றாக வைத்துச் சொல்லலாம். அழுகிற காட்சி, அந்தக் கூடைக் காட்சி, இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முதல் பிள்ளை செய்வதை மற்ற இரண்டும் அப்படியே பிடித்துக்கொள்ளும். முக்கியமாக அதன் தப்புகளை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்ட வரிசை. வெள்ளி மாலை, சனி பகல், சனி மாலை, ஞாயிறு மாலை, மொத்தம் நாலு ஆட்டம். ஒரே நாளில் யாருக்கும் இரண்டு ஆட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆடிய பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஆடலாம். ஆடாத இரண்டு பேரில் ஒருவர் வேஷம் போட்டுத் தயாராகத் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும், இடைவேளை வரைக்கும். இன்னொருவர் வீட்டில் தூங்கட்டும். தயாராக இருக்கிற பிள்ளைக்கும் ஐந்து மணிக்கே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். பக்கத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு. பூண்டும் காரமும் எண்ணெயும் சேர்ந்து ஏப்பமாக வரும், அதுவும் மூன்றாவது பாட்டில்.

உடுப்பு மூன்று அளவில், செருப்பும் மூன்று அளவில். செருப்பில் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பெரிய செருப்பு ஓடும்போது கழன்று முன்வரிசையில் போய் விழும். மைக்கைக் கன்னத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி மே மாதப் புழுக்கத்தில் நிற்காது, வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டி, இடைவேளையில் புதிதாக மாற்றுங்கள். ஒலிப்பெட்டிக்காரர் மூன்று பிள்ளைக்கும் மூன்று அளவு குறித்து வைத்திருக்க வேண்டும். கானா குரலுக்கு வைத்த அளவில் மெல்லிய குரல் பாடினால் கேட்காது.

கடைசியாக வாசல் பலகை. இன்றைக்கு யார் ஆடுகிறார்கள் என்பதை டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஆடாத இரண்டு பேர் பெயரும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். தன் பேத்தி ஆடுவாள் என்று வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த பாட்டி, விளக்கு அணைந்த பிறகு வேறொரு பிள்ளையைப் பார்த்து எழுந்து நின்றுவிடக் கூடாது.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.