லெக் டே முடிந்த இரவு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஜிம்முக்குப் போகும் பையன்கள், கபடி ஆடுகிறவர்கள், போலீஸ் வேலைக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடிப் பழகுகிறவர்கள் என்று பலர் என்னிடம் வருவார்கள். மது கேடு என்பது பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிற சங்கதி. அதையே வானொலியிலும் சொல்ல ஓர் ஆள் தேவையில்லை. அதனால் பயிற்சிக்குப் பிறகு குடிக்கும் மது தசையை என்ன செய்கிறது என்று இன்றைக்குக் கொஞ்சம் கணக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் லெக் டே, அதாவது ஜிம்மில் கால் தசைக்கான பயிற்சி நாள். ஸ்குவாட், லன்ஜஸ் எல்லாம் முடித்துவிட்டுப் படியிறங்கும்போதே தொடை நடுங்கும். அப்புறம் குடிக்க நண்பர்கள் கூப்பிடுவார்கள். போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்ததும், மறக்காமல் ஷேக்கரில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். "அதான் புரோட்டீன் உள்ளே போயிருச்சுல்ல சார், மசில் ஏறிரும்லா?" இது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி.

இதே கேள்வியை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். நன்றாக உடற்பயிற்சி செய்து பழகிய எட்டு ஆண்களைக் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு தடவை பயிற்சிக்குப் பிறகு வெறும் புரோட்டீன். இன்னொரு தடவை அதே புரோட்டீனோடு, ஆரஞ்சு ஜூஸில் கலந்த வோட்கா. மூன்றாவது தடவை புரோட்டீனுக்குப் பதில் மாவுச்சத்தும் வோட்காவும். தொடையிலிருந்து துளித் தசையை எடுத்து, அங்கே புதுப் புரதம் எந்த வேகத்தில் கட்டப்படுகிறது என்று அளந்தார்கள். புரோட்டீன் மட்டும் குடித்ததோடு ஒப்பிட்டால், புரோட்டீனோடு மது சேர்ந்தபோது அந்த வேகம் 24 சதவீதம் குறைந்திருந்தது. புரோட்டீன் இல்லாமல் மது குடித்தபோது 37 சதவீதம். ஆக, பவுடர் கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுதாகக் காப்பாற்றவில்லை. எட்டே பேர், சில மணி நேர அளவீடு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நமக்கு வேண்டியது சரியாக இந்தக் கேள்விதானே!

காரணம் என்னவென்றால், எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது அதற்குக் கிடைப்பது அடியும் ஓர் உத்தரவும் மட்டும்தான். கட்டும் வேலை அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் நடக்கிறது. தசைச் செல்லுக்குள் அந்த வேலையை முடுக்கிவிடும் எம்டார் என்ற ஒரு பாதை உண்டு. மது கை வைப்பது அங்கேதான். செங்கல் வந்து இறங்கிய நாளில் கொத்தனாரை லீவு போட வைத்த கதை.

சரி, அவர்கள் எவ்வளவு குடித்தார்கள்? உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் சுத்த மது. எழுபது கிலோ ஆளுக்கு 105 கிராம். இதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றுவோம். பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 180 மில்லி குவாட்டரில் அறுபது கிராம் சுத்த மது இருக்கிறது. ஹாஃபில், அதாவது 375 மில்லியில், 125 கிராமுக்கும் மேல். ஆக, ஆய்வில் கொடுத்தது ஒரு ஹாஃபைவிடக் குறைவு. "அதெல்லாம் வெள்ளைக்காரன் அளவு சார்" என்று சொல்ல வழியில்லை.

நியூசிலாந்தில் இன்னொரு சோதனை. ஒரு காலுக்கு மட்டும், தொடைத் தசையை நீட்டி இழுக்கும் பயிற்சியை 300 முறை செய்ய வைத்தார்கள். அதன்பின் கிலோவுக்கு ஒரு கிராம் மது. எழுபது கிலோ ஆளுக்குக் குவாட்டரும் அதற்கு மேல் ஒரு மடக்கும். ஒன்றரை நாள் கழித்து அளந்தால், மது குடிக்காதபோது இருந்ததைவிட அந்தக் காலின் பலம் கூடுதலாகக் குறைந்திருந்தது. பின்னர் அதே குழு அளவைப் பாதியாக்கிப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. பாதி என்றால் 35 கிராம், கிட்டத்தட்ட ஒரு கட்டிங், அதாவது அரைக் குவாட்டர். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த அளவோடு நின்றால் தசைக்கு வரும் நஷ்டம் பெரிதாக இருக்காது. தசைக்கு மட்டும்தான் சொல்கிறேன். மொத்த உடம்பைக் கேட்டால், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதோடு, கட்டிங்கோடு எழுந்து போன சபையை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

"பீர் குடித்தால் உடம்பு போடும்" என்று ஒரு பேச்சு உண்டு. போடும், வயிற்றில். ஒரு கிராம் மதுவில் ஏழு கலோரி. ஒரு குவாட்டர் மட்டுமே நானூறு கலோரியைத் தாண்டும். உடம்பு இந்த மதுவைச் சேமித்து வைக்க முடியாது என்பதால் முதலில் அதைத்தான் எரிக்கும். கூடவே போன சிக்கன் 65-இன் எண்ணெய் தன் முறை வரும்வரை காத்திருக்கும், அல்லது இடுப்பில் குடியேறிவிடும். பீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்பதும் அப்படித்தான். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்கிவிடுகிறது. மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டிய உடம்பு, இருக்கிற தண்ணீரையும் வெளியே விடும்.

தூக்கமும் கெடும். குடித்தால் சீக்கிரம் கண் செருகும் என்பது உண்மைதான். பின்னிரவில் அது துண்டு துண்டாகிவிடும். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்கள் அந்த இரவின் இதயத் துடிப்பைப் பாருங்கள், வழக்கத்தைவிட மேலேயே நிற்கும்.

அப்புறம், காலையில் போய் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால் "இறங்கிடும்" என்கிறார்கள். வியர்வையில் போவது மிகச் சொற்பம். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்வரைதான் கரைக்கும், அவசரப்படுத்த முடியாது. இரவு பத்து மணிக்கு முடித்த குவாட்டர் காலை ஐந்தரை மணி பெஞ்ச் பிரஸ்ஸின்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். அந்த நிலையில் நெஞ்சுக்கு மேல் பாரத்தைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. அன்று லேசாக நடந்தால் போதும்.

மூட்டை தூக்கும் அண்ணன்மார் என்னிடம் சொல்வது வேறு. "உடம்பு வலிக்குத்தான் தம்பி போட்டுக்கிறேன்." வலி தெரியாமல் போவது நிஜம். ஆனால் போதை இறங்கியதும் மறுநாள் வலி திரும்ப வந்து நிற்கும், அன்று ராத்திரியும் குடிக்கத் தோன்றும். இந்தச் சுழலில் இருப்பவர்களிடம் ஜிம் பையன்களுக்குச் சொல்வதுபோல "லெக் டே அன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை.

தினமும் குடித்துப் பழகியவர்கள் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்புவரை போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.