வயதை வரைந்து பார்த்தல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வயதாவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முழங்கால் வலி, மாத்திரை, தூக்கம் வராமல் புரண்ட இரவு என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும். ஒன்று, அந்தக் காலம் எப்படி இருந்தது என்ற ஏக்கம். இன்னொன்று, இனி என்ன ஆகுமோ என்ற பயம். நடுவில் இருக்கிற இன்றைய உடம்பையும் இன்றைய மனதையும் நாம் நின்று பார்ப்பதே இல்லை. அப்படிப் பார்க்க வைக்கிற வேலையைக் கலை செய்கிறது. பாட்டு எழுதுவதோ படம் வரைவதோ, எதுவாக இருந்தாலும் சரி. இன்று அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் மொழியிலிருந்தே தொடங்குகிறேன். புறநானூற்றின் 243ஆம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோய், பாட்டில் அவர் எழுதிய சொற்களே அவருக்குப் பெயராகிவிட்டன: தொடித்தலை விழுத்தண்டினார். தலையில் பூண் போட்ட கைத்தடியை ஊன்றியவர். அவர் தன் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, குளத்தில் விளையாடும் பெண்களோடு கைகோத்து ஆடியது, ஒளிவுமறைவு அறியாத தோழர்களோடு திரிந்தது. அப்புறம், நீர்மேல் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மிரள, ஆழமான மடுவில் 'துடும்' என்று குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்தது. அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்டுவிட்டு, இன்றைய தன்னைக் காட்டுகிறார். தடியை ஊன்றி, உடல் நடுங்கி, 'இருமிடை மிடைந்த சிலசொல்' பேசுகிற கிழவர். அதாவது இருமலுக்கு இடையிடையே ஒன்றிரண்டு வார்த்தைதான் அவரால் சொல்ல முடிகிறது.

இந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தைஇ, பிணைந்து, தழீஇ, தூங்கி, ஏறி, பாய்ந்து, குளித்து என்று வினைகள் நிற்காமல் ஓடுகின்றன. மூச்சு விட இடமில்லை. ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத தொண்டைக்காரர் இவ்வளவு நீண்ட ஓட்டத்தைக் கட்டியிருக்கிறார்! அவர் உடம்பால் முடியாததை அவர் பாட்டு செய்கிறது. ஆனால் நான் அவரிடம் தலைவணங்குவது அதற்காக மட்டும் இல்லை. வெறும் ஏக்கம் என்றால் அந்தத் 'துடும்' சத்தத்தோடு பாட்டு முடிந்திருக்கும். இவரோ மருதக் கிளையைப் பார்த்த அதே கூர்மையோடு தன் நடுக்கத்தையும் இருமலையும் பார்க்கிறார். ஏக்கத்தில் ஆரம்பித்தவர் இன்றைய உடம்புக்கு வந்து சேர்ந்துவிட்டார். எழுதியிராவிட்டால் வந்து சேர்ந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

ஓவியத்தில் இதே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் ரெம்பிராண்ட். 1606இல் பிறந்தவர். வாலிபத்திலிருந்து கடைசி வருடம் வரை தன் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இடையில் கடன் முற்றி, 1656இல் திவாலானார். 1668இல் மகன் டைட்டஸையும் இழந்தார். அதற்கு அடுத்த வருடம், தான் இறந்த 1669இல், 63 வயதில் வரைந்த ஒரு படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நெற்றியிலும் கண்ணுக்குக் கீழே தளர்ந்த சதையிலும் வண்ணம் தடிப்பாக ஏறியிருக்கிறது. எதையும் மறைக்கவில்லை, எதற்கும் கெஞ்சவும் இல்லை. அந்தப் படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் கையில் தூரிகை பிடித்திருப்பதுபோல வரைந்தவர், பிறகு அதை அழித்துக் கைகளை வெறுமனே கோத்து வைத்துவிட்டது தெரிந்தது. என் பார்வையில் அது பெரிய முடிவு. நான் ஓவியன் என்று சொல்கிற அடையாளத்தை எடுத்துவிட்டு, இந்த வயதில் இந்த மனிதன், அவ்வளவுதான் என்று நிறுத்தியிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாருக்கும் இந்தக் கேள்வி வரும்: வேலையை எடுத்துவிட்டால் நான் யார்? அவர் அந்தக் கேள்வியைத் தூரிகையாலேயே கேட்டிருக்கிறார்.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு 1941இல் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசிக் கொடுக்க, கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிச் சுவர் முழுக்கப் படங்களை அமைத்தார். நீண்ட கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிப் படுத்தபடியே வரைந்தார். முடியாமை அவருக்குப் புது வழியைக் காட்டியது.

சரி, நாம் மத்தீஸ் இல்லை. அதனால் என்ன? இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வயதானவர்கள் வரைய வந்தால், குழந்தைகளுக்கு அச்சடித்த பூவையும் பட்டாம்பூச்சியையும் கொடுத்து, கோட்டுக்குள் வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். பொழுது போகும், மனசு லேசாகும் என்கிறார்கள். போகட்டும், ஆகட்டும். ஆனால் எழுபது வருடம் வாழ்ந்த ஒருவரிடம் சொல்ல எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டு தருகிற தாள் அது. அவருக்கு வெற்றுத்தாளைக் கொடுங்கள்.

அந்த வெற்றுத்தாளில் எதை வரைவது? உங்கள் கையையே வரையுங்கள். எழுதாத கையை மேஜைமேல் வைத்து, ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். கை என்று மொத்தமாக நினைக்காமல் ஒரு விரல் மூட்டைப் பாருங்கள். அங்கே தோல் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்திருக்கும். நகத்தில் நெடுக ஓடும் மெல்லிய வரிகள் இருக்கும். புறங்கையில் நரம்பு ஒரு இடத்தில் புடைத்து, இன்னொரு இடத்தில் தோலுக்குள் மறையும். அது எங்கே மறைகிறது என்று பென்சில் தேட ஆரம்பித்ததும், 'ஐயோ, கிழடாகிவிட்டதே' என்ற பேச்சு உள்ளே நின்றுவிடும். அந்த நரம்புக்கும் அந்த மடிப்புக்கும் வேலை செய்கிற நேரத்தில் பரிதாபப்பட இடம் கிடையாது. கோடு நடுங்கினால் நடுங்கட்டும். ரப்பரை எடுக்காதீர்கள். அந்த நடுக்கமும் அந்தக் கையைப் பற்றிய உண்மைதானே? அழித்து நேராக்கினால் வேறு யாருடைய கையோ ஆகிவிடும்.

வரைய வராது என்கிறவர்கள் அதே கையைப் பற்றிப் பத்து வரி எழுதலாம். அது முதலில் தூக்கியது யாரை, கடைசியாக விட்டது எதை. பெருமைக்காக எழுத வேண்டாம். பார்த்ததை எழுதினால் போதும்.

வீட்டிலுள்ள இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ தாத்தாவோ வரைந்ததைக் கொண்டுவந்து காட்டினால், 'ரொம்ப நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுக் கைபேசிக்குத் திரும்பாதீர்கள். படத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, 'இங்கே மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தி வரைஞ்சீங்க?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பதில் மெதுவாகத்தான் வரும்.

வெளியே மேஜையில் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் மூலையில் தேதியும் வயதும் போடுங்கள். அடுத்த வருடம் இதே கையை, இதே பக்க வெளிச்சத்தில் இன்னொரு தடவை வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.