ஆருக்குள் ஒரு சி பிளஸ் பிளஸ் கிளாஸ் எப்படி வாழ்கிறது?

[திரையில்: காலியான ஆர் கன்சோல்]

வணக்கம். புள்ளியியலுக்கான ஆர் மொழியிலிருந்து, வேகத்துக்குப் பேர்போன சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. இரண்டு மொழிகளையும் இணைக்கும் ஆர்சிபிபி பேக்கேஜைப் போட்டு, ஃபங்ஷனுக்கு மேலே எக்ஸ்போர்ட் என்று ஒரு கமென்ட் வரி எழுதினால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். கிளாஸ் என்றால்தான் சிக்கல். கிளாஸ் என்பது டேட்டாவையும் அதில் வேலை செய்யும் ஃபங்ஷன்களையும், அதாவது மெத்தட்களையும், சேர்த்துவைக்கும் அச்சு; அதிலிருந்து உருவாவது ஆப்ஜெக்ட். ஃபங்ஷன் விடையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். ஆப்ஜெக்ட் அப்படிக் கிளம்ப முடியாது, நீங்கள் அடுத்த மெத்தடைக் கூப்பிடும்வரை தன் டேட்டாவோடு எங்கேயாவது உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே?

நிஜமான ஒரு லைப்ரரியையே எடுத்துக்கொள்வோம். அனாய். ஸ்பாட்டிஃபையில் இருந்தபோது எரிக் பெர்ன்ஹார்ட்சன் எழுதியது. லட்சக்கணக்கான வெக்டர்களை, அதாவது எண் வரிசைகளை, இண்டெக்ஸ் என்ற தேடல் அமைப்பில் போட்டுவைத்து, இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவை எவை என்று கேட்டால், தோராயமாக ஆனால் மின்னல் வேகத்தில் சொல்லும். அதை ஆருக்குக் கொண்டுவந்த பேக்கேஜ் ஆர்சிபிபி அனாய். ஆர்சிபிபியை உருவாக்கியவர்களில் ஒருவரான டர்க் எடல்பியூட்டல் செய்தது.

[திரையில்: மாட்யூல் அறிவிப்பு, ஒவ்வொரு வரியாகத் தெரிகிறது]

இதற்கு அவர் பயன்படுத்தியது ஆர்சிபிபி மாட்யூல், கிளாஸை ஆருக்கு அறிமுகப்படுத்தும் வசதி. சி பிளஸ் பிளஸை பைதானோடு இணைக்கும் பூஸ்ட் பைதான் லைப்ரரி செய்ததைப் பார்த்து அதே பாணியில் அமைத்தது இது. மாட்யூலுக்குள் நீங்கள் எழுதுவது ஒரு பட்டியல்தான்: கிளாஸின் பெயர் இது, ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒரு முழு எண்ணை வாங்கும், ஆருக்குத் தெரிய வேண்டிய மெத்தட்கள் இவை. பட்டியலில் இல்லாத மெத்தட் ஆருக்குத் தெரியாது.

ஆனால் லைப்ரரியின் கிளாஸை அப்படியே பட்டியலில் போட்டுவிட முடியாது. அனாய் ஒரு டெம்ப்ளேட், அதாவது டைப்பைச் சொன்ன பிறகுதான் நிஜமான கிளாஸாகும் வார்ப்பு. டெம்ப்ளேட் என்பது கம்பைல் நேரத்தில் மட்டுமே இருப்பது, ஓடும்போது ஆர் வந்து தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் ஆங்குலர், யூக்ளிடியன், மன்ஹாட்டன் என்று ஒவ்வொரு தூர அளவைக்கும் தனித்தனிக் கிளாஸாக முன்கூட்டியே கம்பைல் செய்து வைக்க வேண்டும். இன்னொன்று, ஆரில் தசம எண் என்றால் டபிள் மட்டும்தான். அனாய் உள்ளே வைத்துக்கொள்வதோ ஃபுளோட், டபிளைவிடத் துல்லியம் குறைந்த சின்ன வகை. ஆகவே நடுவில் ஒரு மெல்லிய கிளாஸ் எழுதி, ஆர் தரும் வெக்டரை மாற்றி உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. உண்மையில் பாதி உழைப்பு இந்த நடுக் கிளாஸில்தான்.

[திரையில்: ஆரில் புது ஆப்ஜெக்ட் உருவாகிறது, டாலர் குறியோடு மெத்தட் அழைப்புகள்]

சரி, இப்போது ஆர் பக்கம். நியூ என்று கூப்பிட்டு ஆப்ஜெக்ட்டை உருவாக்குகிறோம், டாலர் குறி போட்டு மெத்தட்களைக் கூப்பிடுகிறோம். பார்க்க ஆரின் சொந்தக் கிளாஸ் வகைகளில் ஒன்றான ரெஃபரன்ஸ் கிளாஸ் மாதிரியே இருக்கும். அடியில் இருப்பதும் அதுதான்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது இண்டெக்ஸ் இல்லை. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி ஒன்றுதான். டேட்டா இருக்கும் மெமரி முகவரியை மட்டும் வைத்திருக்கும் இதை எக்ஸ்டர்னல் பாயிண்டர் என்பார்கள். நிஜமான டேட்டா சி பிளஸ் பிளஸ் மெமரியில் கிடக்கிறது.

ஆர்க்காரர்கள் தடுக்கி விழுவதெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். ஆரில் ஒரு வெக்டரை இன்னொரு பெயரில் வைத்து மாற்றினால் பழையது மாறாது என்று பழகியிருக்கிறோம். இங்கே இரண்டு பெயரும் ஒரே இண்டெக்ஸைக் காட்டும், ஒன்றில் சேர்த்தால் இன்னொன்றிலும் தெரியும். ஆப்ஜெக்ட்டை ஆர்டிஎஸ் என்ற ஆரின் சொந்த வகை ஃபைலாக சேமித்து நாளைக்குத் திறந்தால் பாயிண்டர் வெறுமையாக வரும், மெத்தடைக் கூப்பிட்டதும் எரர்தான். வேலையைப் பிரித்துக்கொடுக்கப் புதிதாகத் திறக்கும் ஆர் ப்ராசஸ்களுக்கு அனுப்பினாலும் இதே கதை. அனாய்க்குச் சொந்தமாக சேவ், லோட் மெத்தட்கள் இருப்பதால் தப்பித்தோம்: ஒரு ஃபைலில் எழுதிவைத்து, ஒவ்வொரு ப்ராசஸும் அதை லோட் செய்துகொள்ளலாம். லோட் என்றால் முழுசாகப் படிப்பதுகூட இல்லை, ஃபைலை மெமரியில் மேப் செய்கிறது, எல்லா ப்ராசஸும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும்.

மெமரியை விடுவிப்பது, பயன்படாத ஆப்ஜெக்ட்களைத் துடைக்கும் ஆரின் கார்பேஜ் கலெக்டர் வழியாக நடக்கும், ஆப்ஜெக்ட்டைக் கலைக்கும் டிஸ்ட்ரக்டரை அதுவே கூப்பிட்டுவிடும். ஆனால் அதன் கண்ணில் படுவது சின்ன பாயிண்டர் மட்டும், பின்னால் சில ஜிபி இருப்பது அதற்குத் தெரியாது, அவசரப்படாது. பெரிய இண்டெக்ஸ் என்றால் நீங்களே ஆப்ஜெக்ட்டை நீக்கிவிட்டு, கார்பேஜ் கலெக்டரை ஓட்டும் ஜிசி ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அனாயில் வெக்டர்களின் வரிசை எண் 0-இலிருந்து தொடங்கும், ஆரில் 1-இலிருந்து. மறந்துவிட்டால் பெரும்பாலும் எரர் வராது, தப்பான வெக்டர்தான் வரும், அதுதான் மோசம்.

[திரையில்: பல திரை நீளத்துக்கு ஓடும் கம்பைலர் எரர்]

எல்லாவற்றுக்கும் மாட்யூல் வேண்டுமா? என் கணக்கில் வேண்டாம். பட்டியலில் ஒரு டைப்பைத் தவறாக எழுதிவிட்டால் வரும் எரர் இப்படித்தான் இருக்கும், எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போகும். இரண்டு மூன்று மெத்தட்தான் என்றால், பாயிண்டரை நீங்களே எக்ஸ்பிடிஆரில், அதாவது எக்ஸ்டர்னல் பாயிண்டருக்கான ஆர்சிபிபி உறையில், சுற்றி, சாதாரண ஃபங்ஷன்களாக எழுதிவிடுங்கள். மெத்தட்கள் பத்தைத் தாண்டும் லைப்ரரியாக இருந்தால் மாட்யூலுக்குப் போங்கள்.